ஆளுக்கேற்ற ஆட்டம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தாக்குதல் கொள்கையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியை அதன் சொந்த மைதானத்தில் அமெரிக்க ராணுவக் கல்லூரியின் அணி எதிர்கொண்டது. ஓக்லஹோமாவின் தாக்குதலை நடத்தும் வீரரான குவாட்டர்பேக் கைலர் மரே, அந்த ஆண்டின் இறுதியில் நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்றவர். நெடுந்தூரம் பந்தை வீசி நொடிகளில் புள்ளி குவிப்பது அவருடைய அணியின் வழக்கம். ராணுவக் கல்லூரி அணியோ பந்தை வீசுவதே அரிது. 60 நிமிட ஆட்டத்தில் ஏறத்தாழ 45 நிமிடம் பந்து அவர்கள் கையிலேயே இருந்தது. அவ்வளவு நேரமும் மரே எல்லைக்கோட்டுக்கு வெளியே காத்திருந்தார். ஆட்டநேரம் முடிந்தபோது இரு அணிகளும் 21 புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தன. கூடுதல் ஆட்டத்தில்தான் ஓக்லஹோமாவால் 28-21 என்று வெல்ல முடிந்தது.

ஒரே கேள்விக்கு இந்த இரு அணிகளும் நேரெதிரான விடைகளை வைத்திருந்தன. பந்து நம்மிடம் இருக்கும்போது அதை எப்படி முன்னே கொண்டுசெல்லப் போகிறோம், அதற்கு எத்தகைய ஆட்களைச் சேர்க்கப் போகிறோம், அவர்களுக்கு எதைக் கற்றுத்தரப் போகிறோம், எதைக் கற்றுத்தராமல் விடப் போகிறோம் என்பவற்றையெல்லாம் சேர்த்து ஒரு பயிற்சியாளர் எடுக்கும் முடிவைத் தாக்குதல் கொள்கை எனலாம். எதிரணியைப் பார்த்து வகுக்கும் உத்தி வாரத்துக்கு வாரம் மாறும். கொள்கை அப்படி மாறுவதில்லை. மாற்றினால் அதற்கான விலையைச் சில ஆண்டுகளாவது கொடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை, இந்த ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவருக்கும் விளங்கும்படி சொல்வதே என் நோக்கம்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைக்கும் இந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர் ஆடுவார்கள்; ஓர் அணியில் தாக்குவதற்கு ஒரு 11 பேரும் தடுப்பதற்கு வேறு 11 பேரும் களமிறங்குவார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். 10 யார்டைக் கடந்துவிட்டால் மீண்டும் நான்கு டவுன்கள் கிடைக்கும், கடக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாம், அல்லது ஒரு டவுனில் ஒருமுறை முன்னோக்கி வீசலாம். வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் அந்த டவுன் வீண். எதிரணி பிடித்துவிட்டால் பந்தே பறிபோகும். முன்வரிசையில் நின்று எதிராளிகளை மறிக்கும் கனத்த உடல்வாகுள்ள ஐவர் லைன்மேன்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று, பந்தை வாங்கி, அதை யாரிடம் சேர்ப்பது என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். பந்தோடு ஓடுபவர் ரன்னிங் பேக், வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர் ரிசீவர், பாதி லைன்மேனும் பாதி ரிசீவருமாக இருப்பவர் டைட் எண்ட். இவ்வளவு தெரிந்தால் போதும்.

தாக்குதல் கொள்கைகள் அனைத்தும் ஓர் எளிய கணக்கிலிருந்து பிறக்கின்றன என்பது என் கருத்து. இரு பக்கமும் 11 பேர் என்றாலும், தாக்கும் அணி உண்மையில் 11 பேரோடு ஆடுவதில்லை. பந்தோடு ஓடுபவர் தனக்காகத் தானே யாரையும் மறிக்க முடியாது. பந்தை அவரிடம் கொடுத்துவிட்ட குவாட்டர்பேக்கும் அத்தோடு ஆட்டத்திலிருந்து ஒதுங்கிவிடுகிறார். மறிப்பதற்கு மிஞ்சுவது 9 பேர். தடுக்கும் அணியிலோ, நெடுவீச்சுக்குக் காவலாக ஒருவர் பின்னால் நின்றாலும், மீதி 10 பேர் ஓடுபவரைப் பாய்ந்து பிடிக்கத் தயாராக இருக்கிறார்கள். ஒன்பது பேர் பத்துப் பேரை மறிக்க முடியாது. மறிக்க ஆளில்லாமல் மிஞ்சி நிற்கும் அந்த ஒருவரை என்ன செய்வது? பயிற்சியாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக இதற்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மிகப் பழைய விடை பலம். எதிராளியைவிட நம் ஆட்கள் பெரியவர்களாகவும் வலியவர்களாகவும் இருந்தால், டைட் எண்டுகளையும், குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று மறிக்கவும் பந்தோடு ஓடவும் செய்யும் கனத்த வீரரான ஃபுல்பேக்கையும் ஓர் இடத்தில் குவித்து, அந்த இடத்தில் மட்டும் எண்ணிக்கையை நம் பக்கம் சாய்த்துக்கொள்ளலாம். மிஞ்சிய அந்த ஒருவர் வந்து சேர்வதற்குள் நாலைந்து யார்டு கிடைத்துவிடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1990இல் பேரி ஆல்வரெஸ் பொறுப்பேற்றது முதல் நெடுங்காலம் இப்படித்தான் ஆடியது. அந்த மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் வாட்டசாட்டமான இளைஞர்கள் வந்துகொண்டிருந்ததால் அவர்களுக்கு அது இயல்பாகப் பொருந்தியது. அத்தகைய ஆட்கள் கிடைக்காத கல்லூரிக்கு இந்த வழி மூடியே இருக்கிறது.

இரண்டாவது விடை எனக்கு மிகவும் பிடித்தது: ஆப்ஷன். மிஞ்சி நிற்கும் ஆளை மறிக்க முடியாதென்றால் மறிக்கவே வேண்டாம். அவர் எந்த முடிவை எடுத்தாலும் அது தவறாகும்படி செய்தால் போதும். ட்ரிபிள் ஆப்ஷன் என்ற முறையில் குவாட்டர்பேக் முதலில், நேராகப் பாய்ந்து வரும் ஃபுல்பேக்கின் வயிற்றில் பந்தை வைக்கிறார், ஆனால் கையை எடுப்பதில்லை. வேண்டுமென்றே மறிக்காமல் விடப்பட்ட ஒரு தடுப்பு வீரரை அந்த அரைநொடியில் அவர் கவனிக்கிறார். அந்த வீரர் ஃபுல்பேக்கின் மேல் பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுகிறார். பாயாவிட்டால் பந்தை ஃபுல்பேக்கிடமே விட்டுவிடுகிறார். வெளிப்பக்கத்தில் மறிக்கப்படாத இரண்டாவது ஆள் காத்திருக்கிறார். அவர் குவாட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால் பந்து பக்கத்தில் ஓடிவரும் மூன்றாமவருக்குக் கைமாறும். அவர் மூன்றாமவருக்குக் காவல் நின்றால் குவாட்டர்பேக்கே உள்ளே திரும்பி ஓடுவார். இவ்வாறு எதிரணியின் இரண்டு பேர், யாரும் தொடாமலேயே கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். அவர்களை மறித்திருக்க வேண்டிய இருவர் அடுத்த அடுக்கில் உள்ளவர்களை மறிக்கப் போகிறார்கள். எதிரணியில் மிகப் பெரிய, மிக ஆபத்தான வீரர் யாரோ, அவரையே மறிக்காமல் விட்டுவிட்டு அவர் முடிவை அவருக்கே பகையாக்கிவிடலாம் என்பதுதான் இதன் அழகு.

ராணுவக் கல்லூரிக்கு இது ஏன் பொருந்துகிறது என்பது இப்போது விளங்கும். அங்கே படிப்பவர்கள் படித்து முடித்ததும் ராணுவப் பணிக்குப் போக வேண்டியவர்கள். 140 கிலோ எடையுள்ள லைன்மேன்கள் அங்கே நிறைந்திருக்க முடியாது. உருவத்தில் சிறிய, ஆனால் சுறுசுறுப்பும் ஒழுங்கும் உள்ள இளைஞர்களைக் கொண்டு வெல்லக்கூடிய முறையாக ஆப்ஷன் இருக்கிறது. அதோடு, இன்று மிகச் சில அணிகளே இதை ஆடுவதால், எதிரணிகள் ஆண்டுக்கு ஒருமுறைதான் இதைச் சந்திக்கின்றன. ஒரு வாரத்தில் கிடைக்கும் மூன்று நான்கு பயிற்சி நாள்களுக்குள் தங்கள் மாற்று வீரர்களை ஆப்ஷன் அணிபோல் ஆடவைத்துப் பழகுவது அவர்களுக்குப் பெரும்பாடு. அரிதாக இருப்பதே ஒரு பலமாகிவிடுகிறது.

மூன்றாவது விடை இடம். மிஞ்சிய ஆளை மறிக்கவும் வேண்டாம், ஏமாற்றவும் வேண்டாம். அவரைப் பந்திலிருந்து வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்விடலாம். நான்கு ரிசீவர்களை மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்தினால், எதிரணியும் தன் ஆட்களைப் பரப்பித்தான் ஆகவேண்டும். நடுவில் கூட்டம் குறையும். இதற்கு ஸ்ப்ரெட் என்று பெயர். கல்லூரி மைதானத்தின் கோடுகளே இதற்கு உதவுகின்றன. மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு டவுனும் ஹாஷ் எனப்படும் இரண்டு வரிசைக் குறிகளுக்கு இடையில்தான் தொடங்க வேண்டும். தொழில்முறை ஆட்டத்தில் அந்த வரிசைகளுக்கிடையே உள்ள தூரம் 18 அடி 6 அங்குலம். கல்லூரி ஆட்டத்தில் 40 அடி. ஆகவே கல்லூரி ஆட்டத்தில் பந்து ஓர் ஓரக் குறியில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியும் இருக்கும். அந்த 100 அடி வெளியைக் காவல் காக்க வேண்டிய கட்டாயம் தடுப்பு அணியைப் படாதபாடு படுத்துகிறது. தொழில்முறை ஆட்டத்தில் அவ்வளவு எளிதாகப் பலிக்காத சில முறைகள் கல்லூரி ஆட்டத்தில் செழித்ததற்கு இது ஒரு காரணம். தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதையே கல்லூரியில் செய்ய நினைப்பவர்கள் முதலில் இந்த அளவுகளைப் பார்க்க வேண்டும்.

பரப்பி நிற்பதையும் ஆப்ஷனையும் ஒன்றாக்கியவர்களில் முதன்மையானவர் ரிச் ராட்ரிகெஸ். 1990களில் மேற்கு வர்ஜீனியாவின் சிறிய கல்லூரியான கிளென்வில் ஸ்டேட்டில் பயிற்சியாளராக இருந்தபோது, குவாட்டர்பேக் ஒரு தடுப்பு வீரரின் அசைவைப் பார்த்துப் பந்தைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் ஸோன் ரீட் முறையை அவர் வளர்த்தெடுத்தார். பிற்காலத்தில் அதோடு குறுவீச்சும் சேர்ந்துகொண்டது: எதிராளியின் அசைவைப் பார்த்து, ஓடுபவருக்குக் கொடுப்பது அல்லது உடனே வீசிவிடுவது. வீச்சின்போது லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னே செல்லக் கல்லூரி விதி அனுமதிக்கிறது. தொழில்முறை விதி ஒரு யார்டுதான் அனுமதிக்கிறது. இந்தச் சிறு வேறுபாட்டின் மேல்தான் இன்றைய கல்லூரித் தாக்குதலின் பெரும்பகுதி நிற்கிறது.

நான்காவது விடையான ஏர் ரெய்டு, ஓடுவதையே பின்னுக்குத் தள்ளிவிட்டு வீச்சை முதன்மையாக்கியது. வீசும்போது குவாட்டர்பேக் பார்வையாளராக ஒதுங்குவதில்லை என்பதால் பழைய கணக்கே மாறிவிடுகிறது. ஹால் மம்மி, மைக் லீச் என்ற இருவரும் 1989 முதல் அயோவா மாநிலத்தின் மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் இருந்த அயோவா வெஸ்லியன் கல்லூரியில் இதை உருவாக்கினார்கள். அந்தக் கல்லூரி 2023இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே பிறந்த ஆட்டம் இன்று நாடெங்கும் ஆடப்படுகிறது. ஏர் ரெய்டைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் வீச்சுகளின் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். அதன் உண்மையான கண்டுபிடிப்பு, கற்பிக்கும் முறையில் இருக்கிறது என்பேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரத்துக்கு மேல் ஒரு மாணவருக்குப் பயிற்சி தர முடியாது. அந்த நேரத்துக்குள் நூறு வகை நகர்வுகளை அரைகுறையாகக் கற்பதைவிடச் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பழகுவது மேல் என்று மம்மியும் லீச்சும் முடிவு செய்தார்கள். இரண்டு ரிசீவர்கள் எதிரெதிர்த் திசையிலிருந்து ஓடிவந்து தோளோடு தோள் உரசுமளவுக்கு நெருங்கிக் கடக்கும் மெஷ் என்ற நகர்வை அவர்களுடைய மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பழகினார்கள். லீச் பின்னர் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 2000 முதல் 2009 வரை பத்துப் பருவங்கள் பணியாற்றி, அவற்றில் ஒன்றில்கூட வெற்றிகளைவிடத் தோல்விகள் மிகாமல் 84 ஆட்டங்களை வென்றார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லபக் என்ற தொலைதூர ஊருக்கு, பெரிய பல்கலைக்கழகங்கள் விரும்பும் முதல்தர லைன்மேன்கள் வருவது அரிது. இருப்பவர்களைக் கொண்டு வெல்லும் வழியாக அவருடைய கொள்கை இருந்தது.

இதுவரை சொன்னவற்றில் எது சிறந்தது என்று கேட்பது பயனற்ற கேள்வி. நான்குமே சாம்பியன்களை உருவாக்கியிருக்கின்றன. ஒரு பயிற்சியாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கல்லூரிக்கு எத்தகைய இளைஞர்கள் வருவார்கள் என்பதுதான். கல்லூரி ஆட்டத்தில் ஒரு மாணவர் பொதுவாக நான்கு பருவங்கள்தான் ஆட முடியும்; ஆகவே அணி நிலையாக இருப்பதே இல்லை, ஆண்டுதோறும் ஒரு பகுதி வெளியேறி மற்றொரு பகுதி உள்ளே வருகிறது. இன்றைய அணியில் ஒரு மேதை இருக்கிறார் என்பதற்காக அவரைச் சுற்றிக் கொள்கையை அமைத்தால், அவர் போனபின் அது அந்தரத்தில் நிற்கும். சுற்றுவட்டாரப் பள்ளிகள் எந்த ஆட்டத்தை ஆடுகின்றன, நமக்குமுன் அங்கே போகும் பெரிய கல்லூரிகள் யாரை எடுத்துக்கொண்டு யாரை விட்டுவிடுகின்றன என்று பார்க்க வேண்டும். அப்படி விடப்பட்டவர்களில் நம் ஆட்டத்துக்குப் பொருந்துபவர்கள் இருந்தால் அதுவே நம் வயல். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கே மிகவும் பொருந்தும்.

அடுத்தது, நம்முடைய தடுப்பு அணி. வேகமாக ஆடும் வீச்சு அணி புள்ளி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பந்தைச் சீக்கிரம் கைவிட்டுவிடும். அதனால் அதன் தடுப்பு வீரர்கள் இளைப்பாற நேரமின்றி மீண்டும் களமிறங்க வேண்டியிருக்கும். தடுப்பில் ஆழமான அணிக்கு மட்டுமே அது தாங்கும். மறுபக்கம், 2023இல் அயோவா பல்கலைக்கழக அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 15 புள்ளிகள் அளவே எடுத்தும் 10 ஆட்டங்களை வென்றது. அதன் தடுப்பு அணியும் பந்தை உதைத்து எதிரணியைத் தொலைவில் முடக்கிய உதைப்பாளரும் அவ்வளவு வலுவானவர்கள். பார்ப்பதற்கு அழகான ஆட்டம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால், பந்தை இழக்காமல் இருப்பதே போதும் என்று ஒரு தாக்குதல் அணி முடிவெடுப்பதும் ஒரு கொள்கைதான் என்பதற்கு அது சான்று.

தேர்ந்தெடுப்பதைவிட மாறுவது கடினம். ராட்ரிகெஸ் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பெரும் வெற்றி கண்டபின் 2008 பருவத்திலிருந்து அணியை நடத்த மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டார். ஒரே இடத்தில் நின்று வீசும் குவாட்டர்பேக்கையும் கனத்த லைன்மேன்களையும் நம்பிப் பல காலம் ஆடிய அணி அது. அனுபவமிக்க வீரர்கள் பலர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருந்தார்கள். வீச்சில் வல்ல இளம் குவாட்டர்பேக் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். அந்த ஆண்டு மிச்சிகன் 3 வெற்றி, 9 தோல்வி. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய முறைக்கேற்ற டெனார்ட் ராபின்சன் என்ற குவாட்டர்பேக் ஒரே பருவத்தில் 1,702 யார்டு ஓடிக் காட்டினார். ஆனால் அதற்குள் பொறுமை தீர்ந்துவிட்டது, மூன்றாம் பருவத்தின் முடிவில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ஜார்ஜியா டெக் 2008 முதல் 2018 வரை பால் ஜான்சனின் ஆப்ஷனை ஆடிவிட்டு 2019இல் ஸ்ப்ரெட்டுக்கு மாறியபோதும் இதே நிலைதான். ஆப்ஷனுக்கு டைட் எண்ட் தேவையில்லை என்பதால் அணியில் அந்த இடத்துக்குப் பழகிய ஆட்களே இல்லை. அந்த ஆண்டும் 3 வெற்றி, 9 தோல்வி. விஸ்கான்சின் தன் பழைய பலத்தை விட்டு 2023 பருவத்துக்கு ஏர் ரெய்டு மரபிலிருந்து வந்த ஒருவரைத் தாக்குதல் பயிற்சியாளராக நியமித்து, 2024 பருவம் முடிவதற்குள்ளேயே அவரை விடுவித்தது. இவற்றில் எந்தக் கொள்கையும் தன்னளவில் தவறானதல்ல. ஒரு வீட்டுக்குப் போட்ட அடித்தளத்தின் மேல் வேறொரு வீட்டைக் கட்டப் பார்த்ததுதான் தவறு.

மாற்றம் எப்போதும் தோற்கும் என்றும் சொல்வதற்கில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ 2018இல் 16 டச்டவுன் வீச்சுகள் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்றுத்தரும் வீச்சுகள்) வீசினார். மறு ஆண்டு அந்த அணி ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தும் புதிய முறைக்கு மாறியது. பர்ரோ 60 வீசினார், அணி 15 ஆட்டங்களிலும் வென்றது. முறைக்குத் தேவையான ரிசீவர்களும் குவாட்டர்பேக்கும் முன்பே அணியில் இருந்தார்கள், முறைதான் அவர்களுக்குப் பிந்தி வந்தது. அலபாமாவின் பேர் பிரையன்ட் 1971இல் செய்ததும் இத்தகையதே. முந்தைய இரு பருவங்களும் சுமாராகப் போயிருந்தன. 1970இன் முதல் ஆட்டத்தில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் 42-21 என்று தோற்றிருந்தார்கள். தம்மிடம் இருப்பவர்கள் நன்றாக ஓடுகிறார்கள், சராசரியாகத்தான் வீசுகிறார்கள் என்று கண்ட பிரையன்ட், கோடையில் விஷ்போன் என்ற ஆப்ஷன் அமைப்பைக் கற்றுவந்து, மூடிய வாசலுக்குள் அணியைப் பழக்கி, அதே எதிரணியை அதன் ஊரிலேயே 17-10 என்று வென்றார். அந்தப் பருவத்தில், வெற்றிபெற்ற அணிகளைப் பருவ முடிவில் மோதவிடும் கிண்ண ஆட்டத்துக்கு முன்புவரை அலபாமா தோற்கவே இல்லை.

இன்று மாணவர்கள் வேறு கல்லூரிக்கு மாறுவது மிகவும் எளிதாகிவிட்டதால், புதிய கொள்கைக்கேற்ற ஆட்களை ஓராண்டிலேயே திரட்ட முடிகிறது. அதற்குப் பணம் வேண்டும், வந்தவர்கள் அப்படியே அடுத்த ஆண்டு போய்விடவும் கூடும். சிறிய கல்லூரிகளுக்கு இது உதவுவதைவிட உபத்திரவம் செய்வதே மிகுதி என்று நினைக்கிறேன். விதிகளும் கொள்கைகளை நெருக்குகின்றன: இடுப்புக்குக் கீழே மறிப்பதை 2022இல் பெரிதும் கட்டுப்படுத்தியது ஆப்ஷன் அணிகளுக்கு நேரடியான அடி. ராணுவக் கல்லூரி 2023இல் தன் அமைப்பை நவீனமாக மாற்றிப் பார்த்தது. 6 வெற்றி, 6 தோல்வி. 2024இல் தன் பழைய ஆப்ஷன் வேர்களுக்குப் பக்கமாகத் திரும்பி 12 ஆட்டங்களை வென்று, தான் புதிதாகச் சேர்ந்திருந்த கூட்டமைப்பின் கோப்பையையும் எடுத்தது.

ஒரு கொள்கை பலிக்காதபோது, தவறு கொள்கையிலா, அதை நடத்தும் விதத்திலா என்று பிரித்தறிவதுதான் மிகக் கடினமான பகுதி. விஷ்போன் பிறந்த கதை இதற்கு நல்ல பாடம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் எமரி பெல்லார்ட் 1968 கோடையில் அதை வரைந்தார், தலைமைப் பயிற்சியாளர் டாரல் ராயல் ஏற்றுக்கொண்டார். முதல் ஆட்டம் ஹூஸ்டனுடன் 20-20 என்று சமனில் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் டெக்சஸ் டெக்கிடம் 31-22 என்று தோற்றார்கள். புதிய அமைப்பைத் தூக்கியெறிய அவர்களுக்குப் போதுமான காரணம் இருந்தது. ராயல் அமைப்பில் கைவைக்கவில்லை. பில் பிராட்லியை விலக்கிவிட்டு ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டைக் குவாட்டர்பேக் ஆக்கினார். குவாட்டர்பேக்குக்கு எதிராளியின் அசைவைப் பார்த்து முடிவெடுக்க இன்னும் ஒரு கணம் கிடைக்கும்படி ஃபுல்பேக் ஸ்டீவ் வோர்ஸ்டரைச் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். அடுத்து வந்த 30 ஆட்டங்களிலும் டெக்சஸ் தொடர்ந்து வென்றது.